அமாவாசைக்கு அமாவாசை ஒரு கொள்ளைக்காரன்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் இங்கிலீஷ் நாவல் எனக்கு எடைக்குக் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ராஜவீதி முனையில் ஒரு பழைய பேப்பர்க் கடை இருந்தது. பக்கோடாக் கடைக்காரர்களும் மளிகைக்காரர்களும் பொட்டலம் மடிக்க அங்கே காகிதம் வாங்குவார்கள். நான் இலக்கியம் வாங்குவேன். இரண்டுக்கும் ஒரே தராசுதான். கடைக்காரர் புத்தகத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "கெட்டிப் பேப்பரு சார், எண்ணெ தாங்கும்" என்று சிபாரிசு வேறு செய்தார்.

அதற்கு அட்டை கிடையாது. முதல் பத்துப் பதினைந்து தாள்கள் ஏற்கெனவே எண்ணெய் தாங்கப் போய்விட்டிருந்தன. ஆகவே புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் நிறையப் படித்த நண்பர்களிடம் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். தெரியாது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

உள்ளே ஒரு படம் இருந்தது. குதிரைமேல் ஒரு தாடிக்காரன், கையில் துப்பாக்கி, பின்னால் இலை கம்மியான ஒரு மரம். நம்மை ஆண்ட அதே வெள்ளைக்காரர்கள், தங்கள் ஊர்க் கைதிகளைக் கப்பலேற்றிக்கொண்டுபோய்த் தள்ளிய ஒரு தூரதேசத்துக் கதை. அங்கே ஆடு மேய்த்த இரண்டு சகோதரர்கள். மூத்தவன் பட்டியைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக இருக்கிறான். இளையவன் குதிரை திருடுகிறவர்களோடு சேர்ந்து, தங்கம் ஏற்றி வந்த வண்டியை மறித்து, தலைக்கு விலை வைக்கப்பட்ட கொள்ளைக்காரன் ஆகிறான்.

அப்போது அறுபதுகளின் கடைசி. நான் பி.ஏ. தேறி, ஐயம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். தற்காலிகம் என்று உத்தரவில் எழுதியிருந்தது உத்தியோகத்தைப் பற்றி. என் இங்கிலீஷுக்கும் அது பொருந்தும். நாவலில் பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தை புரியாது. புரியாத இடத்தை இயற்கை வர்ணனை என்று முடிவு செய்து தாண்டிவிடுவேன். அந்த நாவலில் இயற்கை வர்ணனை மிகவும் அதிகம்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி. அந்த வீட்டு அண்ணனுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். அவருடைய தம்பியும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதன்பிறகு நான் ஒன்பதாவதுக்குப் போனேன், அவன் தறிக்குழிக்குப் போனான். அவனைச் சின்னவன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருக்கும். இரண்டையும் இழைக்கு இழை பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை ஓட்ட ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் ஒருவர், அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொருவர். அந்த வலப்பக்கத்தில் சின்னவன் எட்டொன்பது வருஷம் உட்கார்ந்தான். அண்ணன் பேசமாட்டார். அவர் முழங்கை நகர்ந்தால் இவன் கை நகரும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரே ஆள் நெய்கிற மாதிரிதான் சத்தம் கேட்கும்.

ஒருநாள் கரையில் ஏதோ பிசகு. அண்ணன், புடவை பார்க்க வந்திருந்த வியாபாரிகள் முன்னால் சின்னவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். இருபத்திரண்டு வயசு ஆளை. சின்னவன் எழுந்து, மாடத்திலிருந்த கத்தியை எடுத்து, தறியில் பூட்டியிருந்த பாவைக் குறுக்கே அறுத்துவிட்டு வெளியே போனான். பாவு என்பது மூன்று புடவைக்கான நெடுக்கு நூல் மொத்தமும். எங்கள் தெருவில் பெண்டாட்டியை அடித்தவன் உண்டு, குடித்துவிட்டுக் கோயில் வாசலில் விழுந்தவன் உண்டு. பாவை அறுத்தவன் அதுவரை கிடையாது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை.

சின்னவன் ஆந்திராவில் பட்டு நெய்கிற தர்மாவரத்துக்குப் போய் அங்கே ஒரு தறியில் சேர்ந்துவிட்டான். அண்ணன் அவன் பெயரை எடுக்கக் கூடாது என்றுவிட்டார். ஆனால் அவன் இடத்தில் வேறு ஆள் போடவில்லை. கோர்வை இல்லாத, தனியாளாக நெய்யக்கூடிய சாதாரணப் புடவைகளை மட்டும் எடுத்து நெய்தார். கூலி பாதிதான். ஊரில் கையெடுத்துக் கும்பிடும் கோர்வைக்காரர் இப்படிப் பண்ணுகிறாரே என்று பேசிக்கொண்டார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. வலப்பக்கத்தில் சின்னவன் உட்காரும் பலகை தினம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. துடைத்தது யார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது சின்னவனுக்கு ஒன்பது வயசு. தலை துவட்டிவிட்டு வளர்த்தவள். அவளுக்கு அவனிடமிருந்து கடுதாசி வரும், என் பள்ளிக்கூட விலாசத்துக்கு. நான் சைக்கிளில் கொண்டுவந்து, கொல்லைப்பக்கம் நின்று படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். சின்னவன் கடுதாசியில் சுகம் விசாரிப்பான், தெலுங்குச் சாப்பாட்டின் காரத்தைத் திட்டுவான். கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். அண்ணன் வலப்பக்கம் யாரை வச்சிருக்காரு? அண்ணியும் தவறாமல் ஒரே பதில்தான் எழுதச் சொல்வாள். யாரும் இல்ல. அவனுக்குத் திரும்பி வர ஆசை. அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவான். அவரோ கூப்பிடுகிற ஜாதி இல்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அதுதான் நெசவாளிக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டு வருஷத்தின் நடுவே அப்படி ஒரு அமாவாசை, சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசல் அறையில் நாவலோடு கிடந்தபோது அண்ணன் சுண்ணாம்பு கேட்டு வந்தார். படத்தைப் பார்த்தார்.

"இவரு யாருப்பா, குதுர மேல?"

கொள்ளைக்காரன் என்றேன். நல்லவனா கெட்டவனா என்று கேட்டார். இனிமேல்தான் தெரியும் என்றேன். உட்கார்ந்துவிட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். பதினான்கு அமாவாசை நடந்தது. பிற்பகலில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நான் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு தமிழில் சொல்வேன். அண்ணன் தறிக்குழி ஓரத்தில் கால் தொங்கப் போட்டுக்கொள்வார். அண்ணி சமையலறை நிலையில் சாய்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வருவார்கள். எனக்குச் சன்மானம் அமாவாசை வடை. அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் அவ்வளவு சூடாகக் கிடைத்ததில்லை.

நான் எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும், பிற்பாடு நடந்ததற்கு அது அவசியம். புத்தகத்தில் இருந்தது பாதி, நான் போட்டது பாதி. அந்த நாட்டு மாவு ரொட்டியை அடை என்றேன். வாயில் நுழையாத ஒரு மிருகத்தை மான் ஆக்கினேன். துரத்தி வந்த போலீஸ் அதிகாரிக்குத் தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகனின் மீசையைக் கொடுத்தேன், ஜனங்கள் சிரித்துப் புரண்டார்கள். இளையவன் குதிரையோடு ஆற்றில் இறங்குகிற இடத்தைத் திருமுக்கூடலுக்கு மாற்றினேன். மூன்று ஆறு சேர்கிற சுழலில் அந்தக் குதிரையைக் கால்மணி நேரம் நீந்தவிட்டேன். புத்தகத்தில் அது முழங்கால் அளவு தண்ணீர். ஒரு பாதிரியாரைப் பிடிக்கவில்லை என்று மொத்தமாக எடுத்தே விட்டேன். எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் அவரே துப்பாக்கியோடு வந்திருப்பார்.

அண்ணன் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. ஆனால் நாலைந்து அமாவாசை ஆனபிறகு, முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்.

"பெரியவன் இன்னா நெனச்சிக்கினு இருக்கான், அத்த எழுதலியா?"

புத்தகத்தில் மூத்தவன் மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை வந்து வேலி கட்டுவான், அவ்வளவுதான். அவனைப் பற்றிக் கேட்கிறாரே, ரசனை இல்லாத மனுஷர் என்று நினைத்தேன். அண்ணிக்குப் புரிந்திருந்தது. நிலையில் சாய்ந்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினான்காம் அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு சின்னவனிடமிருந்து கடுதாசி வந்தது. தர்மாவரத்து முதலாளி அங்கேயே பெண் பார்த்துத் தனித் தறி போட்டுக் கொடுப்பதாகச் சொல்கிறார், என்ன பண்ண என்று கேட்டிருந்தான். கீழே வழக்கமான கேள்வி. நான் படித்து முடித்ததும் அண்ணி பதில் எழுதச் சொல்லவில்லை. நாவலைப் பற்றிக் கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது தம்பி கத?"

வருகிற அமாவாசையோடு முடிந்துவிடும் என்றேன்.

"முடிவுல இன்னா ஆவுது?"

சொன்னேன். குண்டடி பட்ட இளையவன், விடியும் நேரத்தில் மூத்தவன் குடிசைக் கதவைத் தட்டுகிறான். திறந்தால் பட்டியும் வீடும் போலீஸ் கைக்குப் போய்விடும். மூத்தவன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி உள்ளேயே நிற்கிறான், திறக்கவில்லை. இளையவன் ஆற்றங்கரைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். வெயில் ஏறியதும் அவனை அங்கே கண்டெடுக்கிறார்கள்.

அண்ணி கொஞ்ச நேரம் கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கதவத் தெறந்துட்டான்னு சொல்லிடு தம்பி."

அதெப்படி என்று கேட்டேன்.

"நான் சொன்னா அவருக்கு ஏறாது. மாமியாரு, பெரிய மனுஷங்க, யாரு சொல்லியும் ஏறல. கதன்னா காதுல ஏறுது அவருக்கு. நீ தெறந்துட்டான்னு சொல்லு. அண்ணன் தம்பி கட்டிக்கினு அழுதாங்கன்னு சொல்லு. அது போதும்."

எழுதியவர் அப்படி எழுதவில்லையே என்றேன்.

"மழ வர்லன்னா கோயில்ல மழைக்குன்னு ஒரு கதைய எடுத்துப் படிக்கிறாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலன்னா கல்யாணக் கதைய படிக்கச் சொல்றோம். கத வேற எதுக்குப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இலக்கியம் என்பது வேறு, மழைக்குப் படிப்பது வேறு என்று விளக்கினேன். ஒருவர் உயிரைக் கொடுத்து எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது என்றேன். மொழிபெயர்ப்பவன் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியமே சொன்னேன். பாதிரியாரைத் தூக்கியவன், முழங்கால் தண்ணீரில் குதிரையை நீந்தவிட்டவன் இதைச் சொன்னான். அண்ணி என்னை வாதாடி ஜெயிக்கப் பார்க்கவில்லை. "ஒருக்கா யோசன பண்ணு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் பத்து நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டைக்குச் சைக்கிளில் போகும்போது பனைமரங்களுக்குச் சொல்லிப் பார்ப்பேன். தாழ்ப்பாளில் கை வைத்து மூத்தவன் நிற்கிற இடத்தில் குரலைத் தாழ்த்துவது, பிறகு வெளியே காலடிச் சத்தம் தேய்வது, எல்லாம் தயார். பதின்மூன்று அமாவாசை சிரிக்க வைத்தாகிவிட்டது. கடைசி ஒன்றில் அந்தக் கூடம் அழுவதைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் யார் அழுவார்கள்? எழுதியவர் மீது எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அமாவாசையன்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் துண்டால் மூக்கைச் சிந்தினார். ஒரு கிழவர் அந்தப் பட்டியைக் கொளுத்த வேண்டும் என்றார். அண்ணன் கண் தரையில் இருந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எல்லோரும் போனபிறகு தறிக்குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து நின்று, என்னிடம் சாவதானமாகச் சொன்னார்.

"பெரியவன் செஞ்சது சரிதான்பா. பாவம்தான். ஆனா சரி. நான் ரெண்டு வருஷமா நம்ம மேலதான் தப்போன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நிலையில் அண்ணி இல்லை. எந்த இடத்தில் எழுந்து போனாள் என்று நான் கவனிக்கவில்லை. சொல்கிறவனுக்குக் கேட்கிறவர்கள் மீதுதான் கண் இருக்க வேண்டும் என்பார்கள். என் கண் அழுகிறவர்கள் மீது மட்டும் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் சுவருக்கு அப்பால் சத்தம் மாறியிருந்தது. கோர்வை. ஆனால் ஒரே ஆள் நெய்கிற சத்தம் இல்லை, இரண்டு பேர் நெய்கிற சத்தம். ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, நடுவே அண்ணன் ஏதோ திருத்திச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நடுவயசுக்காரரைக் கூட்டி வந்து வலப்பக்கம் உட்கார வைத்திருந்தார். அவருக்கு அந்தப் பலகை உயரம் பற்றவில்லை போலிருக்கிறது. அடியில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணி கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"கடுதாசி எழுதணும் தம்பி. கல்யாணத்துக்குச் சம்மதம்னு எழுது. பொண்ணு வீட்டுல ஒழுங்கா நடந்துக்கன்னு எழுது."

எழுதினேன். வழக்கமான கேள்விக்கு என்ன எழுத என்று கேட்டேன்.

"வலப்பக்கம் ஆளு வந்துட்டாங்கன்னு எழுது."

இன்னும் சில நாள் பார்க்கலாமே, அண்ணன் மனசு மாறக்கூடும் என்று அப்போதுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. அவள் கையை நீட்டினாள். மடித்துக் கொடுத்தேன். மறுநாள் நானே ஐயம்பேட்டையில் தபாலில் சேர்த்தேன். அதன்பிறகு என் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தர்மாவரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் பிறகு பத்திரிகைகளில் தமாஷ் கதை எழுதுகிறவனாகி, அதைக் கொண்டே பேர் வாங்கினேன். கதை சோகமாக முடிகிறது, தீபாவளி மலருக்கு ஆகாது என்பார் ஆசிரியர். நின்ற இடத்திலேயே மாற்றிக் கொடுப்பேன். செத்தவனைப் பிழைக்க வைத்திருக்கிறேன். பிரிந்த தம்பதிகளை ஒரே வரியில் சேர்த்திருக்கிறேன். விளம்பரம் வந்துவிட்டது, அரைப் பக்கம் குறையுங்கள் என்றால் ஒரு மாமியாரையே எடுத்திருக்கிறேன். ஒருதரம்கூட உண்மையாக இருப்பதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அண்ணன் எழுபதுகளின் நடுவில் தவறிப்போனார். நெஞ்சுவலி, ஒருநாள்கூடப் படுக்கவில்லை. தந்தி போய்ச் சின்னவன் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்து மறுநாள் ஆகியிருந்தது. நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். நெற்றி ஏறியிருந்தது அவனுக்கு, பேச்சில் தெலுங்கு இழுவை. கூடத்தில் உட்காரவில்லை, நின்றான். அண்ணி அவன் தலையில் கை வைத்தாள்.  வலப்பக்கக்காரர் தறி ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், ஐந்தாறு வருஷம் கூட இருந்தவர் என்ற முறையில் வந்தவர்கள் அவரிடமும் துக்கம் கேட்டார்கள்.

சாயங்காலம் அவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். அரக்கோணம் போய் ரயில் பிடிக்க வேண்டும் அவனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கடைசியா வந்த கடுதாசி உன் கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன்.

"ஆளு வந்துட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. அது அண்ணி சொன்னதா, நீயா எழுதினதா?"

எனக்குப் புரியவில்லை. நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்டேன்.

"நீ புளுகன்தானேடா. எட்டாவதுல நம்ம வாத்தியாரு செத்துட்டாருன்னு சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தவன். நான் தயங்காம கல்யாணம் பண்ணிக்கட்டும், நம்ம கதைய நல்லா முடிக்கணும்னு நீயா போட்டிருப்பேன்னு நெனச்சிக்கினே இருந்தேன். அங்க யாரும் இல்ல, அப்படியேதான் இருக்குதுன்னு."

அப்படி என்றால் வந்து பார்த்திருக்கலாமே என்றேன்.

"வந்து பாத்து, நெஜமா இருந்துட்டா?"

புளுகுவதற்கு எனக்கு ஒரு நொடி கிடைத்தது. ஆனால் காலையில் அவனே பலகையைப் பார்த்திருந்தான், அதில் உட்காருகிறவரையும் பார்த்திருந்தான். அண்ணி சொன்னதைத்தான் எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றேன்.

அவன் தலையாட்டினான். அந்தக் கடுதாசிக்கு முந்தைய அமாவாசையில் நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணி சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அரக்கோணம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவன் கேட்டான். அந்தக் கோடியில் என்று காட்டினேன்.